பனிக்காலத்தில் ஊரோர மான்கள்: பார்த்தறியும் முறையும் பயிர் காக்கும் வழியும்

கார்த்திகை கழிந்து மார்கழி பிறந்ததும் மலையடிவாரக் கிராமங்களின் தோற்றமே மாறிவிடுகின்றது. மழை ஓய்ந்து, காலைப்பனி வயல்வெளியை மூடுகின்றது. மானாவாரி நிலங்களில் ராகிக் கதிர் முற்றி நிற்கின்றது. கொள்ளும் அவரையும் பூவும் பிஞ்சுமாக இருக்கின்றன. இதே காலத்தில்தான் காட்டோர வீடுகளின் கொல்லைப்புறத்திலும், களத்துமேட்டிலும், குளக்கரையிலும் மான் கூட்டங்கள் தென்படத் தொடங்குகின்றன. வீட்டுக் குழந்தைகளுக்கு அது கண்கொள்ளாக் காட்சி. பயிரிட்ட குடியானவருக்கோ அது கவலை தரும் செய்தி. இவ்விரண்டு உணர்ச்சிகளும் இயற்கையானவையே.

கவலை முற்றும்பொழுது சிலர் நாயை ஏவுகின்றனர். சிலர் சுருக்குக் கம்பி கட்டுகின்றனர். இன்னும் சிலர் வீட்டு மின்சாரத்தையே வேலிக் கம்பியில் பாய்ச்சிவிடுகின்றனர். இதனால் மான் மட்டுமா மடிகின்றது? பக்கத்து வயலுக்கு நீர் பாய்ச்சச் சென்ற மனிதரும், வழி தவறிய கறவை மாடும் மடிய நேரிடுகின்றது. பயிரும் முழுமையாகக் காக்கப்படுவதில்லை. குடும்பமோ வழக்கிலும் துயரிலும் சிக்கிக்கொள்கின்றது. ஆகையால், மானை விரட்டுவதற்கு முன் மானைப் பார்த்தறிய வேண்டும் என்பதே இப்பாடத்தின் சாரம். ஒரு பனிக்காலம் முழுதும் பொறுமையுடன் பார்த்து, பார்த்ததைக் குறித்து வைக்கும் குடியானவர், எந்த நேரத்தில், எந்த மூலையில் காவல் வேண்டும் என்பதைத் திட்டமாகச் சொல்லக்கூடியவர் ஆகிறார். அவருடைய உழைப்பும் மிச்சமாகும். மானின் உயிரும் பிழைக்கும்.

மான்கள் ஏன் ஊரோரம் வருகின்றன?

சத்தியமங்கலம், மாயாற்றுப் பள்ளத்தாக்கு, முதுமலை ஆகிய பகுதிகளில் உள்ளவை பெரும்பாலும் இலையுதிர் காடுகளும் முட்புதர்க் காடுகளுமாகும். மழைக்காலத்தில் அங்கே பசும்புல்லுக்குக் குறைவில்லை. மார்கழி, தை மாதங்களில் அப்புல் முற்றிக் காய்ந்து சக்கையாகின்றது. மரங்கள் இலை உதிர்க்கின்றன. ஓடைகள் ஒவ்வொன்றாக வற்றுகின்றன. புள்ளிமானுக்கு முதன்மையான உணவு புல். அது சுவையற்றுப் போகும்பொழுது தழை, உதிர்ந்த பூ, கனி ஆகியவற்றை நாடுகின்றது. நாடோறும் நீர் அருந்த வேண்டிய பிராணியாகையால் நீர்நிலையை விட்டு நெடுந்தூரம் செல்வதும் இல்லை. ஆகவே, நீரும் பசுமையும் ஒருங்கே உள்ள இடத்தை நோக்கி வருகின்றது. 1955 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையின் நீர்த்தேக்கத்தில் நீர் இறங்க இறங்கக் கரையோரம் புதுப்புல் முளைக்கும். அங்கே மானும் யானையும் மேய வருவதை அப்பகுதி மக்கள் நன்கு அறிவர். அவ்வாறே நம்முடைய பாசன வயலும் மானின் கண்ணுக்கு ஒரு பசும்புல் தரையாகவே தோன்றும்.

மற்றொரு காரணமும் உண்டு. புள்ளிமான் அடர்காட்டின் நடுவில் வாழ விரும்புவதில்லை. காடும் வெளியும் கூடும் ஓரமே அதற்கு ஏற்ற இடம். புலி, சிறுத்தை, செந்நாய் ஆகியவை பதுங்கி வருவதைத் திறந்த வெளியில் எளிதில் காணலாம். மனிதர் நடமாட்டம் உள்ள இடத்தில் அவை தயங்குவதும் உண்டு. முதுமலையின் தெப்பக்காடு போன்ற இடங்களில் குடியிருப்புக்கு அருகிலேயே மான் கூட்டம் அச்சமின்றிப் படுத்திருப்பதன் காரணம் இதுவே. மேய்ச்சலும் பாதுகாப்பும் ஒரே இடத்தில் கிடைக்குமானால் எந்த உயிர்தான் அதனை விட்டுச் செல்லும்?

எந்த மான் என்று அறிதல்

'மான்' என்று பொதுவாகக் கூறிவிடுகிறோம். ஆனால் பயிருக்கு வருவது எது என்று தெரிந்தாலன்றித் தக்க வழி காண இயலாது. நம் முன்னோர் இதில் மிகவும் நுட்பமாக இருந்தனர். இரலை, கலை என்பன புல்வாய்க்கு உரிய ஆண்பாற் பெயர்கள் என்றும், கலை என்பது உழைக்கும் உரியது என்றும், பெண்ணைப் பிணை என்றும் இளங்கன்றை மறி என்றும் வழங்குவது மரபு என்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்துக் கூறுகின்றது. பார்த்துப் பழகாதவர் இத்தனை பெயர்களைப் படைத்திருக்க முடியாது.

நம் கிராமங்களில் மிகுதியாகக் காணப்படுவது புள்ளிமான். தோள்வரை ஏறத்தாழ 3 அடி உயரம். செம்பழுப்பு உடலில் வெண்புள்ளிகள். கழுத்தின் அடியில் வெண்மை. இப்புள்ளிகள் வாழ்நாள் முழுதும் மறைவதில்லை. கலைக்கு மட்டுமே கொம்பு உண்டு; ஒவ்வொரு கொம்பிலும் பொதுவாக 3 கிளைகள் இருக்கும்.

கடமானைத் தென் மாவட்டங்களில் மிளா என்பர். கரும்பழுப்பு நிறம், முரட்டு மயிர்; தோள் உயரம் 4 முதல் 5 அடி வரை. நம் நாட்டு மான்களில் உருவில் பெரியது இதுவே. பெரும்பாலும் இரவில்தான் மேயும். கேளையாடு சிறியது, இரண்டு அடி உயரமே உள்ளது. தனித்தோ இணையாகவோ உலவும். அச்சம் கொண்டால் நாயைப் போலக் குரைக்கும். சருகுமான் ஓரடி உயரமே உள்ளது, கொம்பே இல்லாதது, சருகுக்குள் மறைந்து வாழ்வதால் அதனைக் காண்பது அரிது.

சமவெளியில் உள்ளவர்கள் காண்பது வெளிமான். கோடியக்கரையில் 1967 ஆம் ஆண்டிலும், தூத்துக்குடி மாவட்டம் வல்லநாட்டில் 1987 ஆம் ஆண்டிலும் இதற்கெனச் சரணாலயங்கள் ஏற்பட்டன. மாயாற்றுப் பகுதியிலும் இது உண்டு. முதிர்ந்த ஆணின் முதுகு கருமையாகவும் வயிறு வெண்மையாகவும் இருக்கும். கொம்பு முறுக்கிய கயிறு போன்றது. விலங்கு நூலார் இதனை மான் குடும்பத்தில் சேர்ப்பதில்லை. ஆடுமாடுகளின் குடும்பத்தில் சேர்ப்பர். புள்ளிமானின் கொம்பு எலும்பால் ஆனது. ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைப்பது. வெளிமானின் கொம்போ மாட்டுக்கொம்பைப் போன்றது, உதிர்வதே இல்லை.

புள்ளிமானின் கொம்பு வளரும்பொழுது அதன்மேல் பட்டுப்போன்ற மயிர்த்தோல் போர்த்தியிருக்கும். அத்தோலினுள் ஓடும் குருதியே கொம்பை வளர்க்கின்றது. வளர்ச்சி முடிந்தபின் தோல் காய்ந்து உரிந்துவிடும். கலை அக்கொம்பை மரத்தில் தேய்த்து மெருகேற்றும். எல்லாக் கலைகளும் ஒரே மாதத்தில் கொம்பு உதிர்ப்பதில்லை. ஆகையால் ஒரே கூட்டத்தில் முற்றிய கொம்புடைய கலையும், தோல் போர்த்த கொம்புடைய கலையும், கொம்பு உதிர்ந்து நிற்கும் கலையும் காணப்படலாம். கொம்பில்லாதவை அனைத்தும் பிணை என்று எண்ணிவிடலாகாது.

எங்கே, எப்பொழுது, எவ்வாறு பார்ப்பது?

மானைப் பார்க்கக் காட்டுக்குள் செல்ல வேண்டியதில்லை, செல்வதும் தகாது. அனுமதியின்றிக் காப்புக்காட்டில் நுழைவது சட்டப்படி குற்றம். யானை உலவும் காடாயின் உயிருக்கும் ஆபத்து. நம் வீட்டுச் சன்னல், திண்ணை, மாட்டுக்கொட்டகையின் மறைவு, வயலில் உள்ள பரண் ஆகியவையே போதும்.

பனிக்காலத்தில் பொழுது புலர்ந்தது முதல் 8 மணி வரையும், மாலை நான்கரை மணி முதல் இருள் சூழும் வரையும் தக்க நேரம். நடுப்பகலில் புள்ளிமான் நிழலில் படுத்து அசைபோடும். இலை உதிர்ந்த காலமாதலால் தூரத்தில் நிற்கும் மானும் கண்ணுக்குப் புலப்படும் என்பது பனிக்காலத்தின் தனிச் சிறப்பு.

மானின் மூக்கும் செவியும் மிகக் கூர்மையானவை. ஆகவே, மான் வரும் திசையிலிருந்து நம்மை நோக்கிக் காற்று வீசும்படியான இடத்தில் அமர வேண்டும். காற்றின் திசை தெரியாவிடில் சிறிது சாம்பலைத் தூவிப் பார்க்கலாம். பீடி, சுருட்டின் புகையும் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். அசையாத பொருளை மான் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. அசைவையோ உடனே கண்டுகொள்ளும். சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள வேறுபாடு அதற்குத் தெரிவதில்லை. நீலமும் வெண்மையும் நன்கு தெரியும். நம் வெள்ளை வேட்டி அதற்குத் தூரத்திலிருந்தே அறிவிப்புப் பலகை போன்றது! மண் நிறத் துண்டு ஒன்றைப் போர்த்திக்கொண்டு அமர்வது நலம்.

குறைந்தது 50 மீட்டர் தூரமேனும் விட்டுப் பார்க்க வேண்டும். மான் மேய்ச்சலை நிறுத்தித் தலை நிமிர்ந்து, செவியை முன்னே திருப்பி, முன்னங்காலால் தரையை உதைக்குமாயின் அது நம்மை ஐயுறுகின்றது என்று பொருள். அப்பொழுது மேலும் நெருங்காது அசைவற்று இருக்க வேண்டும். இரவில் கைவிளக்கை அதன் கண்ணில் பாய்ச்சுவது கூடாது. கண் கூசி நிலைகுலையும் மான் கிணற்றிலும் வேலியிலும் பாய்ந்து மடியக்கூடும்.

மானின் குரலையும் கேட்டறிதல் வேண்டும். புள்ளிமானின் அச்சக் குரல் கூர்மையான ஒரு சீழ்க்கை போன்றது. மரத்தின் மேலுள்ள சாம்பல் நிற மந்தியும் கீழுள்ள புள்ளிமானும் நெடுங்காலத் தோழர்கள். மந்தி உதிர்க்கும் தழையையும் கனியையும் மான் உண்ணும். உயரத்திலிருந்து மந்தி காணும் ஆபத்தும், தரையில் மான் முகர்ந்தறியும் ஆபத்தும் இரண்டுக்கும் எச்சரிக்கையாகப் பயன்படும். அந்தி வேளையில் வீட்டருகே இவ்விரண்டும் விடாது குரல் எழுப்பினால், சிறுத்தை அருகில் இருக்கக்கூடும் என்று கொண்டு, குழந்தைகளை வீட்டுக்குள் அழைத்து, ஆடுகளைப் பட்டியில் அடைத்து, வனத்துறையினருக்குத் தெரிவிப்பது அறிவுடைமை.

கண்ணில் படாத மானைச் சுவட்டால் அறிதல்

இரவில் வந்து போன பிராணி எது என்பதைக் காலையில் வயலே சொல்லும். பனியில் நனைந்த மண்ணில் சுவடு தெளிவாகப் பதியும்; வெயில் ஏறுமுன் பார்த்துவிட வேண்டும். மானின் குளம்பு பிளவுபட்டது; முன்புறம் கூராக இருக்கும். காட்டுப்பன்றியின் குளம்பும் பிளவுபட்டதே; ஆயினும் ஈரமண்ணில் அதன் பின்புறத்தே இரண்டு சிறு நகக்குறிகள் அகன்று பதிந்திருக்கும். மண்ணைக் கிளறிப் புரட்டியிருந்தால் அது பன்றியின் வேலையே. மான் மண்ணைக் கிளறுவதில்லை.

கடித்த தண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மாட்டைப் போலவே மானுக்கும் மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. ஆகையால் அது தழையைப் பற்றி இழுத்துக் கிழிக்கும். கடித்த இடம் நார் நாராகப் பிய்ந்திருக்கும். முயல் கடித்த தண்டோ கத்தியால் சாய்வாக நறுக்கியது போலிருக்கும். கடித்த உயரத்தையும் அளக்க வேண்டும். புழுக்கை ஆட்டுப் புழுக்கையை ஒத்திருப்பதால் அதனை மட்டும் கொண்டு முடிவு கட்டலாகாது. சுவடு, கடித்த தடம், புழுக்கை ஆகிய மூன்றும் ஒத்து வருவதே உறுதியான சான்று.

மானால் விளையும் நன்மையையும் இங்கே கூறுதல் முறை. நெல்லிக்கனியை உண்ணும் மான், அசைபோடும்பொழுது கொட்டையை வெளியே தள்ளிவிடுகின்றது. தாய்மரத்துக்கு அப்பால் இவ்வாறு விழும் கொட்டைகளிலிருந்து புதிய நெல்லி முளைக்கின்றது. காட்டு நெல்லியைப் பொறுக்கி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் இம்மான்களுக்கும் ஒரு வகையில் கடமைப்பட்டவை.

குறிப்பேடு வைக்கும் முறை

ஜார்ஜ் ஷாலர் என்னும் விலங்கு நூலறிஞர் 1963 முதல் 1965 வரை மத்தியப் பிரதேசத்தின் கானா காட்டில் தங்கி, மான்களையும் அவற்றை உண்ணும் புலியையும் ஆராய்ந்து, 1967 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். இந்திய மான்களைப் பற்றிய அறிவுக்கு அந்நூல் ஓர் அடிப்படை. அவருடைய முதன்மையான கருவிகள் பொறுமையும், கூர்ந்த பார்வையும், நாள்தோறும் எழுதிய குறிப்புமேயாம். இவை நமக்கும் எட்டாதவை அல்ல. பள்ளி மாணவரின் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பென்சிலும் இருந்தால் போதும்.

வாரத்தில் இரண்டு நாட்களைக் குறித்துக்கொள்க. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், கூடுமானவரை ஒருவரே பார்க்க வேண்டும். நாள், நேரம், வானிலை, நிலவின் நிலை, மான் வந்த வழி, சென்ற வழி, கலை, பிணை, மறி ஆகியவற்றின் எண்ணிக்கை, மேய்ந்த பயிர், நின்ற இடம் ஆகியவற்றை எழுதுக. எடுத்துக்காட்டாக ஒரு நாளின் குறிப்பு இவ்வாறு அமையலாம்:

"தை 5. காலை 6.20. பனி மிகுதி, காற்றில்லை. மேற்கு ஓடை வழியாகப் புள்ளிமான் 9. பிணை 6, கலை 2 (முற்றிய கொம்பு 1, தோல் போர்த்த கொம்பு 1), மறி 1. கொள்ளு வயலின் வடமூலையில் மேய்ந்தன. ராகிக் கட்டையைத் தொடவில்லை. 7.05க்கு வந்த வழியே திரும்பின."

எண்ணுவதில் ஒரு கவனம் வேண்டும். திங்களன்று 9, வியாழனன்று 11, அடுத்த திங்களன்று 8 எனக் கண்டால் மொத்தம் 28 மான்கள் என்று கூட்டிவிடலாகாது. வந்த மான்களே மீண்டும் வந்திருக்கும். ஒரே வேளையில் கண்ட மிகுந்த எண்ணாகிய 11 என்பதையே கொண்டு, "குறைந்தது 11 மான்கள் உள்ளன" என்று கூறுவதே நேர்மையான கணக்கு. ஊரின் நான்கு புறமும் நால்வர் ஒரே நாளில், ஒரே நேரத்தில் பார்த்து எழுதினால் கணக்கு மேலும் துல்லியமாகும்.

ஏடு பயிரைக் காக்கும் வகை

மூன்று மாதம் எழுதிய ஏட்டைப் புரட்டினால் பல உண்மைகள் தாமே புலப்படும். மான் கண்ட இடத்தில் நுழைவதில்லை. ஓடை, புதர்வரிசை, வேலி இடைவெளி எனப் பழகிய வழியிலேயே வரும். மேற்கூறிய எடுத்துக்காட்டில் உள்ளவாறு மேற்கு ஓடையே வழி என்று ஏடு காட்டுமாயின், நான்கு புறமும் இரவு முழுதும் கண் விழிப்பது எதற்கு? வரும் வழியில், வரும் வேளையில் மட்டும் ஆள் நின்றால் போதும். பூக்கும் பருவத்தில் இரண்டு வாரம் மட்டுமே சேதம் மிகுதி என்று தெரிந்தால், அந்த இரண்டு வாரத்துக்குப் பக்கத்து நிலத்தாரோடு முறை வைத்துக் காவல் செய்யலாம். எப்பயிரை மான் தொடாது செல்கின்றது என்பதும் ஏட்டில் தெரியும். அடுத்த ஆண்டு அப்பயிரைக் காட்டோர வரிசையில் இட்டு, மான் விரும்பும் பயிரை வீட்டுக்கு அருகில் இடலாம்.

வேலியைப் பற்றி ஒரு குறிப்பு. புள்ளிமான் 5 அடி உயரத்தைத் தாண்ட வல்லது. எனினும் தாண்டுவதைவிடக் கீழே நுழைந்து செல்வதையே விரும்பும். ஆகவே, உயரத்தில் செலவிட்டுவிட்டு அடியில் இடைவெளி விட்டால் வேலி பயன்படாது. கொங்கு நாட்டுக் குடியானவர் தொன்றுதொட்டு வளர்த்துவரும் கிளுவை உயிர்வேலி, அடர்த்தியாகப் பேணப்படுமாயின் அடிப்பக்கத்தையும் அடைத்துவிடும். ஆண்டுதோறும் கம்பி வாங்கும் செலவும் இல்லை. வெருளிப் பொம்மையை ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிறுத்தினால் மான் அதற்குப் பழகிவிடும். ஏட்டைப் பார்த்து, இடத்தையும் நேரத்தையும் மாற்றுவதே அதன் பயனை நீடிக்கச் செய்யும்.

வனவிலங்கால் நேர்ந்த பயிர்ச்சேதத்தை வனத்துறையிடம் முறையிடும்பொழுதும், நாளும் நேரமும் பரப்பும் குறித்த ஏடு, வாய்மொழிச் சொல்லைக் காட்டிலும் வலிமை வாய்ந்த சான்றாகும்.

செய்யத் தகாதவை

முதலாவது, உணவிடுதல். இரக்கத்தால் அரிசி, சோறு, தானியம் ஆகியவற்றை மானுக்குக் கொட்டுவோர் உண்டு. அசைபோடும் பிராணிக்கு ஒரேயடியாகத் தானியம் கிடைத்தால் வயிற்றில் அமிலம் மிகுந்து உயிருக்கே கேடாகும் என்பதை மாடு வளர்ப்போர் அறிவர். மானுக்கும் அவ்வாறே. மேலும், உணவு கிடைக்கும் இடத்துக்குப் பழகிய மான் வயலை விட்டு அகலாது. அதன் பின்னே சிறுத்தையும் வரும். உப்பு வைப்பதும் இத்தகையதே.

இரண்டாவது, கன்றை எடுத்தல். மான் ஏறத்தாழ 8 மாதம் சுமந்து பொதுவாக ஒரு கன்றையே ஈனும். பிறந்த சில நாட்களுக்குத் தாய் அதனைப் புதரில் மறைத்து வைத்துவிட்டு மேயச் செல்லும். தனித்துக் கிடக்கும் மறி அநாதை என்று எண்ணி வீட்டுக்குத் தூக்கி வருபவர், தாயிடமிருந்து அதனைப் பிரித்தவர் ஆகிறார். தொடாமல் விலகிவிடுவதே அதற்குச் செய்யும் உதவி.

மூன்றாவது, துரத்திப் பிடித்தல். நாயால் துரத்தப்பட்ட மான் தப்பிவிட்டது போலத் தோன்றினாலும், அச்சத்தாலும் மிகை ஓட்டத்தாலும் தசை சிதைந்து சில நாட்களில் மடிவதுண்டு. காயமுற்ற மானைக் கண்டால் கூட்டம் கூடாமல், நாய்களை விலக்கி, வனத்துறைக்குச் செய்தி அனுப்ப வேண்டும்.

நான்காவது, கொலைக் கருவிகள். சுருக்குக் கம்பியும் அவுட்டுக்காயும் இன்னாரைத்தான் கொல்லும் என்ற வரையறை அற்றவை. வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவது மனிதக் கொலைக்கு ஒப்பானது. மின்வேலி அமைப்பதை நெறிப்படுத்தத் தமிழக அரசு 2023 ஆம் ஆண்டில் தனி விதிகளை வகுத்துள்ளது. அவ்விதிப்படி பதிவு செய்தல் வேண்டும். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவதும் அதன் இறைச்சியை வைத்திருப்பதும் சிறைத்தண்டனைக்கு உரிய குற்றங்கள். உதிர்ந்த கொம்பைக் கண்டாலும் வீட்டுச் சுவரில் மாட்டாமல் வனத்துறைக்குத் தெரிவிப்பதே தக்கது.

பஞ்சாயத்தின் கடமை

தனி ஒருவரால் ஆகாதவை சில; அவற்றைப் பஞ்சாயத்து ஏற்க வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத பாழ்கிணறுகள் முதலாவதாகக் கவனிக்கத் தக்கவை. அவற்றில் மானும் விழுகின்றது, குழந்தையும் விழுகின்றது. ஊரிலுள்ள திறந்த கிணறுகளைக் கணக்கெடுத்துச் சுவர் எழுப்புதல் இரு வகையிலும் புண்ணியம்.

தெரு நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் கால்நடை பராமரிப்புத் துறையின் துணையுடன் செய்விக்க வேண்டும். கோமாரி நோய் மாட்டிலிருந்து மானுக்கும், மானிலிருந்து மாட்டுக்கும் தொற்றக்கூடியது. 2019 ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்படி ஆண்டுக்கு இருமுறை போடப்படும் கோமாரித் தடுப்பூசியை ஊரில் ஒரு மாடும் விடுபடாமல் போட்டுக்கொள்ளச் செய்வது, நம் தொழுவத்தையும் காட்டையும் ஒருங்கே காக்கும்.

குப்பைமேடு காட்டோரத்தில் இருத்தல் கூடாது. சென்னை கிண்டிப் பகுதியில் இறந்த மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் கண்டெடுக்கப்பட்டதுண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழகத்தில் 2019 ஆம் ஆண்டு ஜனவரி முதல் தடை உண்டு. அதனை நிறைவேற்றுவது நம் கையில் உள்ளது. காட்டுவழிச் சாலைகளில் வேகம் மற்றொரு ஆபத்து. பண்ணாரி - திம்பம் மலைச்சாலையில் உயர்நீதிமன்ற ஆணைப்படி 2022 ஆம் ஆண்டு பிப்ரவரியில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டதை நினைவு கூர்க. நம் ஊர்ச் சாலையில் மான் கடக்கும் இடம் எது என்பதைக் குறிப்பேடு காட்டும். அங்கே எச்சரிக்கைப் பலகை வைக்கத் தீர்மானம் இயற்றலாம்.

2002 ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் ஒரு மேலாண்மைக் குழு அமைந்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். குடியானவர்களும் மாணவர்களும் எழுதிய மான் குறிப்புகளை அப்பதிவேட்டில் சேர்க்கலாம். ஜனவரி 26 அன்று கூடும் கிராம சபை பனிக்காலத்தின் நடுவே வருகின்றது. அன்று இக்குறிப்புகளைப் படித்து ஆராய்வது மிகப் பொருத்தமாகும்.

மானும் புலியும் பயிரும் மனிதரும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பதை மறக்கலாகாது. அந்தமான் தீவுகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் புள்ளிமானைக் கொண்டுபோய் விட்டனர். அங்கே அதனை உண்ணும் புலியும் சிறுத்தையும் இல்லை. மான் பெருகி, இளங்கன்றுகளை மேய்ந்து, காடு மீண்டும் தழைப்பதற்கே இடையூறாயிற்று. நம் மலைகளிலோ புலியும் சிறுத்தையும் செந்நாயும் மானின் தொகையை அளவில் நிறுத்துகின்றன. அவ்வளவு கெடாது காப்பதற்கு முதற்படி, நம் கொல்லையில் வந்து நிற்கும் மானைப் பகையாகவோ விளையாட்டுப் பொருளாகவோ கருதாமல், நிதானமாகப் பார்த்து எழுதிவைப்பதேயாகும். வருகின்ற மார்கழி முதல் நாளன்றே ஒவ்வொரு காட்டோரப் பஞ்சாயத்திலும் ஓர் ஏடு தொடங்கப்படுமாக.

மன்றங்களில் கூடி ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் ஊருக்கு வரும் மான் எவ்வகை? அதற்குரிய சான்றுகள் யாவை?
2. சென்ற பனிக்காலத்தில் எந்தப் பயிர், எந்தப் பருவத்தில், எந்த மூலையில் சேதமுற்றது?
3. மான், முயல், பன்றி ஆகியவற்றின் சேதத்தை வேறுபடுத்தி அறிவது எங்ஙனம்?
4. ஊரில் சுவரில்லாத கிணறுகள் எத்தனை? அவற்றுள் இவ்வாண்டு எவற்றுக்குச் சுவர் எழுப்ப இயலும்?
5. இரவுக் காவலைப் பக்கத்து நிலத்தார் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ள என்ன ஏற்பாடு செய்யலாம்?